கழுத்தும் தோளும் வலிக்கிறதா? முதலில் சைக்கிளைப் பாருங்கள்!



குடும்ப நலம் என்று சொன்னாலே பிரசவம், தடுப்பூசி, கருத்தடை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அவை எல்லாம் முக்கியம்தான். ஆனால் வீட்டில் உழைக்கிறவரின் உடம்பு வலியில்லாமல் இருப்பதும் குடும்ப நலம்தானே? கழுத்து வலியோடு வீடு திரும்புகிறவர் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச மாட்டார். சோறு போடும்போதே எரிந்து விழுவார். ராத்திரி அவருக்கும் தூக்கம் இல்லை, பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தூக்கம் இல்லை.

நம் கிராமங்களில் இப்போது மோட்டார் சைக்கிள் பெருகிவிட்டது. ஆனாலும் பால் ஊற்றுகிறவர், மீன் விற்கிறவர், வயலுக்குப் போகிறவர், மில் வேலைக்குப் போகிற பெண்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் என்று சைக்கிளை நம்பி இருப்பவர்கள் ஏராளம். சைக்கிள் நல்ல வாகனம். பெட்ரோல் செலவு இல்லை. இருதயத்துக்கும் கால்களுக்கும் நல்ல பயிற்சி. ஆனால் அது நம் உடம்புக்குப் பொருந்தாமல் இருந்தால் கழுத்திலும் தோளிலும் வலியைக் கொண்டுவந்து விடும். அந்த வலி ஏன் வருகிறது, அதற்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து வீட்டிலேயே என்ன செய்யலாம், எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை இந்தப் பிரசுரத்தில் பார்ப்போம்.

ஒரு பால்காரர் வீட்டில்

ஒரு கிராமத்தில் தாய்மார் கூட்டம் முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுக்காரர் பால் ஊற்றுகிறவர். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். என்னைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தைத் திருப்பாமல் உடம்பையே திருப்பினார்.

“என்ன தம்பி, கழுத்துல புடிப்பா?” என்று கேட்டேன்.

“ஆமாங்க சார். காலையில எழுந்தா தோள் மேல பாறாங்கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு.”

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் வந்தார். “மூணு மாசமா இப்படித்தாங்க சார். பெட்டிக்கடையில செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டுத்தான் பாலுக்குக் கிளம்புறாரு. மாத்திரை இல்லேன்னா வண்டியே மிதிக்க முடியலைங்கறாரு. இந்தத் தொழில் நின்னுபோச்சுன்னா நாங்க மாட்டுக் கடனை எப்படிக் கட்டுறது?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நான் அவருக்கு மருந்து எதுவும் சொல்லவில்லை. “தம்பி, உங்க சைக்கிளைக் கொண்டாங்க. ஏறி உட்காருங்க” என்றேன். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். “அம்மா, நீங்க பக்கவாட்டுல நின்னு பாருங்க. என்ன தெரியுது?” என்று கேட்டேன்.

அந்த அம்மா ஒரு நிமிஷம் பார்த்தார். “முதுகு அருவா மாதிரி வளைஞ்சிருக்கே சார்! தலை மட்டும் ஆமை தலை மாதிரி நிமிர்ந்திருக்கு” என்றார்.

வைத்தியம் அங்கேதான் ஆரம்பித்தது. நம் முதுகை நாமே பார்க்க முடியாது. கூட இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

வலி ஏன் வருகிறது?

நம் தலை சுமார் ஐந்து கிலோ எடை. ஐந்து கிலோ அரிசிப் பையைக் கழுத்து நாள் முழுக்கச் சுமக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் ஏழு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. தலை நேராக இருக்கும்போது அந்த எலும்புகளே பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். தலை முன்னால் போகப் போக பாரம் எலும்பிலிருந்து சதைக்கு மாறிவிடும். தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு நடந்தால் சிரமம் தெரியாது. அதே குடத்தைக் கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு எத்தனை தூரம் நடக்க முடியும்? அதே கதைதான் கழுத்துக்கும்.

சைக்கிளின் ஹேண்டில்பார் தாழ்வாகவோ எட்டியோ இருந்தால் முதுகு முன்னால் குனிகிறது. குனிந்தபடியே ரோட்டைப் பார்க்க வேண்டுமே! அதனால் தலையைப் பின்பக்கமாக நிமிர்த்திப் பிடிக்கிறோம். பின்தலையிலிருந்து தோள்பட்டை வரை விரிந்திருக்கும் பெரிய சதை, ஓட்டுகிற நேரம் முழுக்க இறுகியே இருக்கிறது. இறுகிய சதைக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. சதை களைத்துப்போய் வலிக்க ஆரம்பிக்கிறது. வலித்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறோம். இறுக்கினால் இன்னும் வலிக்கிறது. செக்கு மாடு மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதோடு உடம்பின் பாரமும் கைகளில் இறங்குகிறது. முழங்கையை விறைப்பாக வைத்திருந்தால் ரோட்டில் உள்ள ஒவ்வொரு குழியின் அதிர்ச்சியும் நேராகத் தோளுக்கு ஏறும். உள்ளங்கை அழுந்துவதால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவதும் உண்டு.

உங்கள் சைக்கிள் உங்களுக்குப் பொருந்துகிறதா?

சட்டை தைக்க அளவு கொடுக்கிறோம். செருப்பை மாட்டிப் பார்த்து வாங்குகிறோம். சைக்கிளை மட்டும் வந்தது வந்தபடி மிதிக்கிறோம். அப்பா ஓட்டியது, அண்ணன் கொடுத்தது, பழைய விலைக்குக் கிடைத்தது, மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது என்று எதுவானாலும் சரி, காற்று இருந்தால் போதும் என்று ஏறிவிடுகிறோம். கம்பி பிரேக் போட்ட பெரிய சைக்கிள்களில் 22 இஞ்சு, 24 இஞ்சு என்று சட்டத்துக்கு அளவு உண்டு. குள்ளமானவர் 24 இஞ்சு வண்டி ஓட்டினால் எட்டி எட்டித்தான் ஓட்ட வேண்டும்.

சாயங்காலம் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காரட்டும். மற்றவர் பக்கவாட்டில் நின்று கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

சீட்டின் உயரம்: பெடலை அடியில் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அப்படி இருந்தால், பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கி இருக்கும். அதுதான் சரியான அளவு. சீட்டு ரொம்ப உயரமாக இருந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். உடம்பு ஹேண்டிலின் மேல் சாயும். ரொம்பத் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலிக்கும்.

சீட்டின் சாய்வு: சீட்டு தரைக்குச் சமமாக இருக்கட்டும். மூக்குப்பகுதி கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே போகும். அதைத் தடுக்கக் கையும் தோளும் முட்டுக் கொடுக்க வேண்டி வரும். பலருடைய தோள்வலிக்கு இது ஒன்றே காரணம்.

ஹேண்டில்பாரின் உயரம்: வேலைக்குப் போகிற சைக்கிளில் ஹேண்டில் சீட்டின் மட்டத்துக்காவது இருக்க வேண்டும்; கொஞ்சம் உயர்ந்திருந்தால் இன்னும் நல்லது. அதை உயர்த்தலாம். ஆனால் அதன் தண்டு போதுமான அளவு உள்ளே இறங்கியிருக்க வேண்டும். தண்டில் எல்லைக் கோடு போட்டிருந்தால் அந்தக் கோடு வெளியே தெரியும்படி உயர்த்தவே கூடாது. ஓட்டும்போது கழன்று வந்துவிடும். கம்பி பிரேக் வைத்த வண்டியில் ஹேண்டிலை உயர்த்தினால் பிரேக் கம்பியையும் திருத்த வேண்டும். ஆகவே இந்த வேலையை மட்டும் சைக்கிள் கடைக்காரரிடம் கொடுங்கள்.

எட்டும் தூரம்: சீட்டின் மூக்கில் முழங்கையை வைத்துக் கையை முன்னால் நீட்டுங்கள். விரல் நுனி ஹேண்டிலை ஏறக்குறைய தொட வேண்டும். இது தோராயக் கணக்குதான். அதிக இடைவெளி இருந்தால் சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் போடலாம்.

டயர்: காற்று குறைந்தால் மிதிக்க அதிக பலம் வேண்டும், உடம்பை முன்னால் தள்ளித் தள்ளி மிதிப்போம். கல்லைப் போல் அடித்து வைத்தாலும் குலுக்கல் அதிகம். எவ்வளவு அடிக்க வேண்டும் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

நமது பால்காரர் வண்டியில் என்ன கோளாறு தெரியுமா? பழைய விலைக்கு வாங்கிய 24 இஞ்சு வண்டி. ஹேண்டிலை யாரோ அடிவரை இறக்கி வைத்திருந்தார்கள். சீட்டு வலிக்கிறதே என்று இவர் அதன்மேல் தடிமனாக ஒரு பஞ்சு உறை போட்டிருந்தார். ஒன்று இறங்கியது, இன்னொன்று ஏறியது. நடுவில் மாட்டிக்கொண்டது அவர் கழுத்து.

ஒரே சைக்கிள், இரண்டு பேர்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் வண்டியிலேயே பலர் ஏறினார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். இன்று பெண் சைக்கிளில் போவதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. பல வீடுகளில் கணவர் உயரத்துக்கு வைத்த சீட்டில்தான் மனைவியும் ஓட்டுகிறார்.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. சீட்டுக் கம்பியில் பெயிண்டால் இரண்டு கோடு போட்டு வையுங்கள். ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு. ஒரு ஸ்பேனர் இருந்தால் இரண்டு நிமிஷ வேலை. பிறகு நட்டை நன்றாக இறுக்கி, சீட்டு ஆடுகிறதா என்று கையால் திருகிப் பாருங்கள். தினமும் மாற்ற முடியாது என்றால், குள்ளமானவரின் அளவுக்கு வைப்பதே பத்திரம். அவசரத்தில் காலை ஊன்ற முடியாமல் விழுவதை விட இது மேல்.

சுமையை எங்கே வைப்பது?

ஒரு லிட்டர் பால் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். இருபது லிட்டர் கேன் இரண்டு என்றால் பாலே நாற்பது கிலோவைத் தாண்டும். கேனின் எடை தனி. வீட்டு உபயோக கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, காலிச் சிலிண்டரின் எடையையும் சேர்த்தால் முப்பது கிலோவுக்கு அருகில் வரும். இதையெல்லாம் சைக்கிள் தாங்கும். எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஹேண்டிலில் குடத்தையோ கூடையையோ ஒரு பக்கமாகத் தொங்கவிடாதீர்கள். வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். அதை நேராக நிறுத்த எதிர்ப்பக்கத் தோள் வழி முழுக்கப் போராடும். ஒரே பக்கத் தோள் வலிக்கிறது என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “ஹேண்டில்ல எதை மாட்டுறீங்க?” என்பதுதான்.

சுமையைப் பின் கேரியரில் இரண்டு பக்கமும் சமமாக, முடிந்தவரை தாழ்வாகக் கட்டுங்கள். பால் ஊற்றும்போதும் இரண்டு கேனிலிருந்தும் மாற்றி மாற்றி ஊற்றினால் எடை சமமாகக் குறையும். பிள்ளைகளின் புத்தகப் பையை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு ஓட்ட விடாதீர்கள். கேரியரில் கட்டி அனுப்புங்கள். சுமை அதிகமான நாளில் மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மிதிக்கும்போது கவனிக்க வேண்டியவை

முழங்கையைக் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் தோளுக்கு ஸ்பிரிங். ஹேண்டிலைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடித்தால் போதும். கழுத்தை நெரிப்பது போலப் பிடிக்க வேண்டாம். தோள்கள் காதுக்குப் பக்கத்தில் ஏறி நிற்கின்றனவா என்று அவ்வப்போது பாருங்கள். ஏறியிருந்தால் மூச்சை விட்டுக்கொண்டே கீழே இறக்குங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கை பிடிக்கும் இடத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். நீண்ட தூரம் போகிறவர்கள் அரைமணிக்கு ஒருமுறை இறங்கி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, தோளை நாலு சுற்று சுற்றிவிட்டு ஏறுங்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போனை இடுக்கிக்கொண்டு பேசியபடி ஓட்டுவது கழுத்துக்கும் கேடு, உயிருக்கும் கேடு.

வலி வந்துவிட்டால் என்ன செய்வது?

புதிதாகப் பிடித்துக்கொண்ட வலி பெரும்பாலும் சில நாளில் தானே குறையும். இரண்டு மூன்று நாள் சுமையையும் தூரத்தையும் குறையுங்கள். அதற்காகப் படுத்தே கிடக்க வேண்டாம். அசையாத கழுத்து இன்னும் விறைத்துப் போகும். நடங்கள், சிறு வேலைகள் செய்யுங்கள், கழுத்தை வலிக்காத அளவுக்கு மெதுவாகத் திருப்பிக்கொண்டிருங்கள்.

முதல் ஒன்றிரண்டு நாள் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் போடலாம். அதன்பின் வெந்நீர் ஒத்தடம் நல்லது. வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, முதலில் உங்கள் கையில் வைத்துச் சூடு பாருங்கள். பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் ஒத்தடம் கொடுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவருக்குச் சூடு சரியாக உறைக்காது. தோல் வெந்த பிறகுதான் தெரியும். அவருக்கு இன்னும் கவனமாக, மிதமான சூட்டில் கொடுங்கள்.

நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ இளஞ்சூடாகத் தடவி, கழுத்திலிருந்து தோளை நோக்கி மெதுவாக நீவி விடலாம். கணவருக்கு மனைவி நீவுவது போல மனைவிக்குக் கணவரும் நீவி விடலாம். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ஆறு எளிய பயிற்சிகள்

காலையில் கிளம்பும் முன்பும், இரவு படுக்கும் முன்பும் செய்யுங்கள். மொத்தம் பத்து நிமிஷம் போதும். எதையும் வெடுக்கென்று செய்யக் கூடாது. இழுப்பது தெரியலாம், சுரீரென்று வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

1. நேராக உட்கார்ந்து, தலையைக் குனியாமல், முகவாயை நேராக உள்ளே இழுங்கள். ரெட்டை நாடி தெரிய வேண்டும். ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து விடுங்கள். பத்து முறை.

2. இரண்டு தோளையும் காதை நோக்கி உயர்த்தி, ஐந்து எண்ணி, தொப்பென்று போடாமல் மெதுவாக இறக்குங்கள். பத்து முறை.

3. இரண்டு தோள்பட்டை எலும்பையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றுசேர்ப்பது போல இழுத்துப் பிடியுங்கள். நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கிறது, அதை நசுக்குகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து எண்ணி விடுங்கள். பத்து முறை.

4. தோளை உயர்த்தாமல், வலது காதை வலது தோள் பக்கம் சாய்த்து இருபது எண்ணுங்கள். பிறகு இடது பக்கம். பக்கத்துக்கு மூன்று முறை.

5. தலையை மெதுவாக வலப்பக்கம் திருப்பி ஐந்து எண்ணுங்கள், பிறகு இடப்பக்கம். ஐந்து முறை. தலையை ராட்டினம் போல முழு வட்டமாகச் சுழற்ற வேண்டாம்.

6. வாசல் நிலையின் இரண்டு பக்கமும் முன்கையை ஊன்றி, ஒரு காலை முன்வைத்து மார்பை முன்னால் கொண்டுபோங்கள். மார்புச் சதை இழுப்பது தெரியும். இருபது எண்ணுங்கள். மூன்று முறை.

ஒரே நாளில் பலன் தெரியாது. விதைத்த மறுநாள் யாரும் அறுவடைக்குப் போவதில்லை அல்லவா? நான்கு முதல் ஆறு வாரம் விடாமல் செய்யுங்கள்.

தலையணையையும் பாருங்கள். இரண்டு மூன்று தலையணை அடுக்கினாலும் கெடுதல், குப்புறப் படுத்தாலும் கெடுதல். ஒருக்களித்துப் படுக்கும்போது காதுக்கும் பாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் போதும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

சொடக்கு எடுப்பது: முடி வெட்டும் இடத்திலோ வேறு எங்கோ கழுத்தை வெடுக்கென்று திருப்பி நெட்டி எடுக்க விடாதீர்கள். கழுத்தெலும்பின் ஓரமாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. வேகமாகத் திருப்பும்போது அவை கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அபூர்வம்தான். ஆனால் வந்தால் குடும்பமே உட்கார்ந்துவிடும்.

செட் மாத்திரை: கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் மாத்திரைகளில் என்னென்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, பல சமயம் விற்கிறவருக்கும் தெரியாது. வலி மாத்திரைகளை நாள்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், ரத்தக் கொதிப்பு ஏறும், சிறுநீரகம் கெடும். சில செட்டில் ஸ்டீராய்டு மருந்தும் கலந்திருக்கும். சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். வலி அடங்கிவிட்டது என்று நினைத்து அதே சைக்கிளை அதே மாதிரி மிதிப்போம். உள்ளே கோளாறு வளரும். மாத்திரை தேவைப்பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். கர்ப்பமாக இருக்கும் தாய்மார்கள் எந்த வலி மாத்திரையையும் தாமாகப் போடக் கூடாது. அது வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கலாம். பல நாள் செட் மாத்திரை சாப்பிட்டவர்கள் திடீரென்று தாமாக நிறுத்தாமல், டாக்டரிடம் அதைச் சொல்லி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

இவை சைக்கிள் வலி அல்ல: உடனே கவனியுங்கள்!

நான் அறிந்த ஒரு பெரியவர் வயலிலிருந்து சைக்கிளில் வந்து திண்ணையில் சாய்ந்தார். “இடது தோள்ல புடிச்சிருக்கு, தைலம் கொண்டா” என்று மனைவியிடம் கேட்டார். அந்த அம்மா தைலத்தோடு வந்து தோளைத் தொட்டார். நிழலில் உட்கார்ந்திருந்தும் உடம்பு முழுக்கச் சில்லென்று வேர்வை. “என்னங்க, இது தைலத்துக்குத் தீர்ற வலியாத் தெரியலையே” என்று சொல்லி, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு 108க்குப் போன் பண்ணச் சொன்னார். மாரடைப்பு. நேரத்துக்குப் போனதால் மனிதர் பிழைத்தார்; இன்றும் வயலுக்குப் போகிறார்.

தோள், கை, தாடை, கழுத்து இவற்றில் வலியோடு வேர்வை, மூச்சுத்திணறல், நெஞ்சில் இறுக்கம், மயக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே 108ஐ அழையுங்கள். சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். நோயாளியை நடக்கவும் விடாதீர்கள். சர்க்கரை வியாதி உள்ளவருக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். மாரடைப்பு வந்தவருக்கு முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023இல் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தது.

வேறு சில அபாய அறிகுறிகளும் உண்டு:

சைக்கிளிலிருந்து விழுந்தபின் கழுத்து வலித்தால் தலையை அசைக்காதீர்கள். தூக்கி உட்கார வைக்காதீர்கள். படுத்தபடியே இருக்கட்டும்; 108ஐ அழையுங்கள்.

வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல் இருந்தால் அது பக்கவாதம். ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

கை பலம் குறைந்து டம்ளர் நழுவி விழுந்தால், நடை தள்ளாடினால், சிறுநீர் அடக்க முடியாமல் போனால் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காய்ச்சல், கடுமையான தலைவலி, வாந்தியோடு கழுத்து விறைத்துக் குனிய முடியாமல் போனால் அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்.

படுத்தாலும் குறையாத வலி, சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைத்தல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய் உண்டா என்று பரிசோதிக்க வேண்டும். காசநோய் எலும்பிலும் வரும், மருந்தால் குணமாகும், மருந்து இலவசம்.

கையை மேலே தூக்கவோ, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகவோ முடியாமல் தோள் இறுகிவிட்டால் ரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தத் தோள் இறுக்கம் அதிகம் வரும்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும், இரண்டு மூன்று வாரம் கவனித்தும் வலி குறையவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மூலம் தேவைப்படுகிறவர்களுக்கு வீடு தேடி இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் வந்தது. உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம் விவரம் கேளுங்கள்.

பால்காரர் என்ன ஆனார்?

அன்று சாயங்காலமே கடைக்குப் போய் ஹேண்டிலை உயர்த்தினார்கள். பஞ்சு உறையை எடுத்துவிட்டு, சீட்டைக் குதிகால் அளவுக்கு இறக்கி, ஒரு விரற்கடை முன்னால் தள்ளினார்கள். அளவைக் குவளையும் சில்லறைப் பையும் ஹேண்டிலிலிருந்து கேரியருக்குப் போயின. மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்து, செட் மாத்திரையை எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லி அனுப்பினார்.

முதல் வாரம் கஷ்டப்பட்டார். பயிற்சியை இரண்டு நாள் செய்வார், மூன்றாம் நாள் மறப்பார். அந்த அம்மாதான் விடவில்லை. பால் கறக்கும் முன் இரண்டு பேரும் சேர்ந்தே நிலைப்படியில் நின்று செய்தார்கள். “எனக்கும் நாத்து நட்டு வந்தா கழுத்து வலிக்கும் சார். நானும் செய்யறேன்” என்றார். ஆறு வாரம் கழித்து அந்த ஊருக்குப் போனபோது தெருமுனையில் மணியடித்துக்கொண்டு எதிரே வந்தார். என்னைக் கடந்து போனவர், கழுத்தைத் திருப்பிப் பார்த்து, “வீட்டுக்குப் போங்க சார், மோர் குடிச்சிட்டுப் போகலாம்” என்றார். அவர் கழுத்தைத் திருப்பியதே எனக்குப் போதுமான பதில்.

தம்பதியரே! வலியை மறைத்து வைப்பது வீரம் அல்ல. “எனக்கு இங்கே வலிக்குது” என்று ஒருவர் சொல்ல வேண்டும்; மற்றவர் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். இன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் சைக்கிளை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். ஒருவர் ஏறி உட்காருங்கள், ஒருவர் பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகு இடம் மாறிக்கொள்ளுங்கள்.

சைக்கிளை உடம்புக்குத் திருத்துவோம்!
சுமையைச் சமமாகக் கட்டுவோம்!
துணைவரின் வலியை நம் வலியாகப் பார்ப்போம்!